திசு வளர்ப்பு மிளகு: கன்று வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மிளகில் வாடல் நோய் பல நேரம் நாற்றுப் பையிலேயே தோட்டத்துக்கு வந்து சேர்கிறது. ஓடுகொடித் துண்டுகளை மண் நிரப்பிய பைகளில் வேர்விடச் செய்யும்போது, அந்த மண்ணில் உள்ள பைட்டோப்தோரா நோய்க்கிருமியும் நூற்புழுக்களும் கன்றோடு தொற்றி வருகின்றன. ஆய்வகத்தில் மண்ணின்றி வளரும் திசு வளர்ப்புக் கன்றில் இந்த ஆபத்து குறைவு.

உற்பத்தி முறை

நல்ல மகசூல் தரும், நோயற்ற தாய்க்கொடியில் இருந்து நுனித்தளிர் அல்லது கணுவை எடுத்து, கிருமி நீக்கம் செய்து, வளர்ச்சி ஊக்கிகள் கலந்த ஊடகத்தில் வைக்கின்றனர். சுமார் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் பல தளிர்கள் கிளைக்கும். அவற்றைப் பிரித்து, ஊக்கி இல்லாத ஊடகத்தில் வைத்தாலே வேர்விடும்.

மிளகுத் தண்டுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் மேற்புறக் கிருமி நீக்கத்தில் அழிவதில்லை. பல வாரங்கள் கழித்தும் அவை ஊடகத்தில் வெண்படலமாகத் தோன்றும். அந்தக் குடுவைகளை அகற்றிவிட வேண்டும். வெட்டுவாயில் கசியும் பீனால் ஊடகத்தைக் கருக்குவதால், புதிய ஊடகத்துக்கு மாற்றவும் வேண்டும். கன்றின் விலை கூடுவதற்கு இவையும் காரணம்.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

தாய்க்கொடியில் மஞ்சள் தேமல் வைரஸ் இருந்தால், அதில் இருந்து பெருக்கிய கன்றுகளிலும் இருக்கும். கொடி குட்டையாகி மகசூல் குறையும். மேலும், திசு வளர்ப்பு ரகத்தின் குணத்தை மாற்றாது. பன்னியூர் 1 ரகத்தை ஆய்வகத்தில் வளர்த்தாலும் வாடல் நோய்க்கு எதிர்ப்புத் திறன் வராது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

* தாய்க்கொடிக்கு வைரஸ் பரிசோதனை செய்யப்பட்டதா?
* மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006ல் தொடங்கிய திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்புத் திட்டத்தில் ஆய்வகம் அங்கீகாரம் பெற்றுள்ளதா?
* ஈரப்பதம் மிக்க கூடாரத்தில் 20 முதல் 30 நாட்கள் வைத்து, பின் நிழல்வலையில் கடினப்படுத்திய கன்றா? குடுவையில் இருந்து நேராக வயலுக்கு வரும் கன்று பிழைக்காது.

நட்ட பின்

பருவமழை தொடங்கும்போது நட்டு, தூரில் நீர் தேங்காமல் வடிகால் அமைக்கவும். மழைக்கு முன் 1 சதவீத போர்டோ கலவையை இலைகளில் தெளிக்கவும். கொடிக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மாவை மக்கிய தொழுஉரத்தில் கலந்து தூரில் இடவும். போர்டோ கலவை ஊற்றிய மண்ணில் உடனே டிரைக்கோடெர்மா இட்டால் பலன் இராது. பழைய தோட்டத்தில் வாடிய கொடிகளை வேரோடு அகற்றி எரித்த பிறகே புதிய கன்றுகளை நட வேண்டும்.