இரண்டு இடாப்புகள், ஒரு வரைபடம்

அண்மையில் நம் வகுப்புப் பிள்ளை ஒருவன் கட்டுப்போட்ட கையுடன் வந்தான். மணல் சிதறிக் கிடந்த வளைவில் சைக்கிள் சறுக்கியதாம். "பொலிஸுக்குச் சொன்னீங்களா?" என்று அவனது வாப்பாவிடம் கேட்டோம். "இதுக்கெல்லாம் யாரு சேர் பொலிஸுக்குப் போறது?" என்றார். நியாயமான பதில்தான். ஆனால் அந்த வளைவு பொலிஸ் ஏட்டில் இல்லை. வைத்தியசாலை ஏட்டில் காயம் இருக்கும், வளைவு இருக்காது.

சுவீடனும் இதே சிக்கலைச் சந்தித்த நாடுதான். வீதியில் எவரும் இறக்கவோ பாரதூரமாகக் காயப்படவோ கூடாது என்பதை 1997 ஒக்டோபரில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இலக்காக ஏற்றது. 'விஷன் சீரோ' என்பது அதன் பெயர். மனிதன் தவறுவான், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி வீதியை அமைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதற்கு எங்கே, எப்படி விபத்து நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

அதற்காக 'ஸ்ட்ராடா' என்ற தேசியப் பதிவேடு 2003இல் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த இடத்தையும் சூழலையும் பொலிஸார் பதிந்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுகள் காயத்தின் தன்மையைப் பதிந்தன. அங்கே வந்தவரிடமும் எங்கே, எப்படி விழுந்தார் என்று கேட்டுப் படிவம் நிரப்பினார்கள். வைத்தியசாலைகள் படிப்படியாக இணைந்தன. ஒரே ஆளை இரு தடவை எண்ணாதிருக்க அடையாள இலக்கம் உதவியது.

இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தபோது, பொலிஸ் ஏட்டில் தென்படாத ஒரு கூட்டம் வெளியே வந்தது. எந்த வாகனமும் மோதாமல் தாமாகவே விழுந்த சைக்கிளோட்டிகள்! பாரதூரமாகக் காயப்பட்ட சைக்கிளோட்டிகளில் பெரும்பாலானோர் இவர்களே. காரணங்களும் தெரிந்தன: பனிக்கட்டி, வீதியோரக் கல் விளிம்பு, பனிக்காலத்தில் தூவி அள்ளாமல் விட்ட சரளைக்கல். சாரதிக்குத் தண்டம் விதிப்பதால் இவை தீராது. வீதியைக் கூட்டுபவரும் பராமரிப்பவரும்தான் தீர்க்க வேண்டும்.

நம் ஊருக்குப் பெரிய கணினி முறை இன்றே வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூட வரவு இடாப்பும் ஒரு பதிவேடுதான். விழுந்ததால் வராத பிள்ளைகளை அது அறியும். எங்கே விழுந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

உங்கள் வீட்டில் எவராவது விழுந்திருந்தால் இடம், நேரம், விழுந்த விதம் மூன்றையும் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பிரதேச சபையிடம் கொடுப்போம். ஒரு புள்ளியைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஒரே வளைவில் பத்துப் புள்ளிகள் விழுந்தால் அப்படிச் சொல்ல முடியாது.