டேப்பெட்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மெக்கானிக்குகள் இஞ்சினின் டிக்டிக் ஓசையைக் கேட்டதும், “டேப்பெட் அடிக்குது, செட் பண்ணணும்” என்பார்கள். ‘டேப்’ என்றால் லேசாகத் தட்டுதல். அதோடு ‘எட்’ என்ற விகுதி சேர்ந்து, தட்டும் சிறு உறுப்பைக் குறித்தது ஆங்கிலச் சொல்.

அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இஞ்சினில் டேப்பெட், இஞ்சின் பிளாக்குக்குள்ளே, கேம் ஷாஃப்ட்டின் மேல் இருக்கிறது. நாம் திருகுவதோ மேலே, வால்வைத் தள்ளும் ராக்கர் ஆர்மின் ஸ்க்ரூவை! உறுப்பின் பெயர், ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு ஏறிவிட்டது. மாருதி 800-இல் கேம் நேராக ராக்கரையே தள்ளுகிறது. தனி டேப்பெட்டே கிடையாது. அங்கும் வேலைக்குப் பெயர் டேப்பெட்தான். பொருள் போனாலும் பெயர் நிற்பது பட்டறைத் தமிழின் உயிர்ப்பு என்றே நினைக்கிறேன்.

சூட்டில் உலோகம் விரியும். அதற்குத்தான் இந்த இடைவெளி. குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகும். கூடினால் சத்தம் வரும், வால்வு முழுதாகத் திறக்காது. அம்பாசிடருக்கு அளவு 0.015 அங்குலம், சுமார் 0.38 மி.மீ. வீட்டிலேயே செய்பவர்களுக்கு இரு வால்வு எண்களின் கூட்டல் ஒன்பதாக வரும் ‘ஒன்பது கணக்கு’ கைகொடுக்கும்: 1-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் 8-இன் இடைவெளியை வையுங்கள், 3 திறந்திருந்தால் 6-இன் இடைவெளியை. ஃபீலர் கேஜ் தகடு லேசாகப் பிடித்து நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே சுற்றக்கூடும். இறுக்கிய பின் தகட்டை மறுபடி விட்டுப் பாருங்கள்.