டிஸ்டேல், ஜேம்ஸ் இ.

அமெரிக்க மருந்தியல் பேராசிரியர்; பர்டூ பல்கலைக்கழக மருந்தியல் கல்லூரியைச் சேர்ந்தவர். மருந்துகளே இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைப்பது இவரது முதன்மை ஆய்வுப் பொருள்.

இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி என்பது இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் மனநோய் மருந்துகளும் இதை நீட்டிவிடும். அளவுக்கு மீறி நீண்டால் டோர்சாட் எனப்படும் தாறுமாறான துடிப்பு தோன்றி உயிரைப் பறிக்கலாம். துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் மருந்துகளில் சிலவும் இதே வேலையைச் செய்வதுதான் விந்தை.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம் என்று கணிக்க, இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்த 900 நோயாளிகளின் தரவிலிருந்து டிஸ்டேல் குழு ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2013இல் வெளியிட்டது. வயது 68 அல்லது அதற்கு மேல் என்றால் 1, பெண் என்றால் 1, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் 2, செப்சிஸ் இருந்தால் 3 என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். உச்சம் 21, 11ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். கணினி வேண்டாம், விரல்விட்டே எண்ணலாம். அது பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். கோவிட் காலத்தில், கியூ.டி.யை நீட்டக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுக்கப்பட்டபோது இம்முறை பரவலாகப் பேசப்பட்டது.

பெண்களுக்கு இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்ற கேள்வி இவரை ஹார்மோன்களின் பக்கம் திருப்பியது. வாய்வழி புரொஜெஸ்டிரோன், மருந்தால் நேரும் கியூ.டி. நீட்சியைக் குறைப்பதாக இவரது குழு 2016இல் அறிவித்தது.

மருந்துகளால் வரும் நோய்களைப் பற்றிய பெரிய பாடநூல் ஒன்றின் இணைப் பதிப்பாசிரியர். அமெரிக்க இதயச் சங்கம் மருந்துவழித் துடிப்புக் கோளாறுகள் குறித்து 2020இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கையை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.