மீட்டிங்கில் யார் எவ்வளவு பேசினார்கள் என எண்ணும் மென்பொருள்: டீமைப் பற்றி அது சொல்வது என்ன? உங்களைப் பற்றி ஏன் சொல்லாது?

டீம் மீட்டிங் முடிந்த சில நிமிடங்களில் உங்கள் மெயிலுக்கு ஒரு சுருக்கம் வருகிறது. என்ன முடிவானது என்பதோடு, யார் எத்தனை சதவீத நேரம் பேசினார் என்றும் அதில் இருக்கிறது. மேனேஜர் 61, நீங்கள் 4 என்று வைத்துக்கொள்வோம். அந்த 4-ஐ அப்ரைசலில் யாராவது காட்டினால் என்ன பதில் சொல்வீர்கள்?

முதலில், அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். இந்த மென்பொருள் முதலில் செய்வது, ஒலிப்பதிவில் குரல்களைப் பிரித்து, எந்த நொடியில் யார் பேசினார் எனக் குறிப்பது. ஆன்லைன் மீட்டிங்கில் ஒவ்வொருவருக்கும் தனி மைக் என்பதால் இது எளிது. ஒரே அறையில் ஒரே மைக் முன் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் திணறும். அதன் பிறகு எல்லாம் கணக்குதான்: மொத்தப் பேச்சு நேரம், எத்தனை முறை பேசினார், யார் யாரை இடைமறித்தார், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க எவ்வளவு நேரம் ஆனது. இதில் பெரும்பகுதிக்குப் பேச்சின் பொருளே தேவையில்லை.

பொருளே தெரியாமல் என்ன கண்டுபிடிக்க முடியும்? இங்கேதான் எம்.ஐ.டி. பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லேண்டின் வேலை முக்கியமாகிறது. அவர் குழு, ஊழியர்கள் கழுத்தில் ஐ.டி. கார்டு போலத் தொங்கும் ஒரு கருவியை உருவாக்கியது. குரலின் ஏற்ற இறக்கம், யார் யாரோடு முகம் பார்த்துப் பேசுகிறார், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் அது பதியும். என்ன பேசினார்கள் என்பதைப் பதியாது. ஏழு ஆண்டுகளில் 21 நிறுவனங்களில் சுமார் 2,500 பேரை ஆராய்ந்து, முடிவுகளை 2012-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்.

அதில் ஒரு வங்கியின் கால் சென்டர் கதை இருக்கிறது. பி.பி.ஓ.வில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஏ.எச்.டி.' தெரியும்: ஓர் அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரம். ஒரே மாதிரியான டீம்களில் சிலது மட்டும் நன்றாகச் செய்தது. ஏன் என்று புரியவில்லை. மீட்டிங்குக்கு வெளியே ஆட்கள் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது என்று தரவு காட்டியது. அதுவரை எல்லோருக்கும் தனித்தனி நேரத்தில் காபி பிரேக். டீம் மொத்தமும் ஒன்றாகப் பிரேக் எடுக்கட்டும் என்று மாற்றினார்கள். அவ்வளவுதான். பின்தங்கிய டீம்களில் ஏ.எச்.டி. 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சென்டர் முழுவதிலும் 8 சதவீதம்.

கவனியுங்கள்: 'நீ சரியாகப் பேசவில்லை' என்று யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மாறியது டைம்டேபிள் மட்டும்.

இன்னொரு ஆய்வு அனிதா வூலியும் சகாக்களும் 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. 699 பேரை, இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துப் பல வேலைகள் கொடுத்தார்கள். பேச்சு ஓரிருவர் கையில் சிக்கிய குழுக்கள் பின்தங்கின. மாறி மாறிப் பேசிய குழுக்கள் முன்னேறின. உறுப்பினர்களின் தனிப்பட்ட ஐ.க்யூ. பெரிதாக உதவவில்லை என்றார்கள். இதை 2017-ல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்: புத்திசாலிகள் சேர்ந்தால்தான் புத்திசாலிக் குழு என்று. 2021-ல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வூலி தரப்பு வலுப்பெற்றது. ஆக, விஷயம் ஆதாரமுள்ளது, விவாதமும் உண்டு. நன்றாகப் பேசுவதால் டீம் ஜெயிக்கிறதா, ஜெயிப்பதால் நன்றாகப் பேசிக்கொள்கிறார்களா என்ற கேள்வியும் இருக்கிறது.

சரி, சிக்கல் எங்கே? இந்த ஆய்வுகள் அளந்தது டீமை. மேலே சொன்ன மெயில் அளப்பது உங்களை. பேச்சு சமமாகப் பரவியிருப்பது என்பது குழுவின் குணம்; அதை உடைத்து ஆளுக்கொரு மதிப்பெண்ணாகப் போட முடியாது. ஸ்டாண்ட்-அப்பில் ஒரே ஒரு முறை வாய் திறந்து, 'இந்த பில்டை லைவ்ல விடாதீங்க' என்று சொன்ன டெஸ்டருக்கு மென்பொருள் தருவது 1 சதவீதம். அந்த அளவில் மதிப்பிட்டால், அடுத்த மீட்டிங்கில் எல்லோரும் சும்மாவாவது பேசுவார்கள். எண் ஏறும், வேலை ஏறாது.

இது கற்பனை பயம் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2020-ல் கொண்டுவந்த 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்', மெயில், சாட், மீட்டிங் பயன்பாட்டை ஆள் பெயரோடு காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும், அதே ஆண்டு டிசம்பரில், பெயர்களை நீக்கி நிறுவன அளவில் மட்டும் காட்டுவதாக அறிவித்தது.

எழுத்தாக்கத்திலும் பிசகு உண்டு. ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை 2020-ல் அமெரிக்காவில் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்கு 19 பிழை. கறுப்பினத்தவர் பேச்சில் 35. பேசியது எல்லாமே ஆங்கிலம்தான். அப்படியிருக்க, 'அந்த டிக்கெட்டை நேத்தே க்ளோஸ் பண்ணிட்டேன்' என்ற நம் பேச்சை வைத்து 'டோன் நெகட்டிவ்' என்று ஒரு ரிப்போர்ட் சொன்னால், நான் நம்ப மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை ஏ.ஐ. வைத்துக் கணிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ல் அப்படியொரு தடை இல்லை. 'வேலைவாய்ப்பு நோக்கங்களுக்கு' உங்கள் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள அதன் 7-வது பிரிவு இடம் தருகிறது. மீட்டிங்கில் பேசிய நேரத்தை அளப்பது அதில் அடங்குமா என்று சட்டம் விரித்துச் சொல்லவில்லை.

எனவே இப்போதைக்கு கேள்வி கேட்க வேண்டியது நீங்கள்தான். உங்கள் ஆபீஸில் இந்த டூல் வந்தால் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்: ரிப்போர்ட்டில் ஆள் பெயர் வருமா, டீம் சராசரி மட்டுமா? அப்ரைசலுக்குப் போகுமா? பதிவு எத்தனை நாள் இருக்கும், எப்போது அழிப்பார்கள்? என்னைப் பற்றிய எண்ணை நான் பார்க்க முடியுமா? மேனேஜருடைய 61-ஐயும் டீம் பார்க்க முடியுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.