மிக்ஸர் முதல் இன்ஜெக்டர் வரை: மும்பை டாக்சிகளின் காற்றுவழி வரலாறு

காரின் காற்றுவழியை மாற்றுவது என்றதும், பானட்டைத் திறந்து கூம்பு வடிவ ஃபில்டரைப் பொருத்தும் வேகப் பிரியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் மும்பையில் பெருவாரியாக நடந்த காற்றுவழி மாற்றம் டாக்சிகளில் நடந்தது. நீதிமன்ற ஆணை அதை முடுக்கிவிட்டது. வேகத்தைக் கொஞ்சம் இழந்தே அது செய்யப்பட்டது. மோட்டார் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா தொழிற்சாலை, தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே உருவான ஃபியட் 1100தான் 1970களில் பத்மினி ஆயிற்று, மும்பை டாக்சியாகவும் ஓடியது. 1089 சிசி என்ஜின், கார்புரேட்டர், அதற்குக் காற்று தரும் ஃபில்டர் என்று எளிமையான அமைப்பு. தெருவோர மெக்கானிக் கைவைக்க ஏற்ற வண்டி.

செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1950களின் நடுவிலேயே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்துவிட்டன. அவற்றோடு வாகனப் புகையும் சேர்ந்து நகரத்தின் காற்றைக் கெடுத்தது. புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் மன்றம் 1999இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் வி. எம். லால் தலைமையில் குழு அமைத்தது. பழைய டாக்சிகள் சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு, மாற வேண்டும் என்று பின்னர் ஆணையிட்டது. எரிவாயுவுக்குப் பஞ்சமில்லை. பாம்பே ஹை கடல்வயல் 1974இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நகரத்துக்குள் விநியோகிக்க மகாநகர் கேஸ் 1995இல் உருவாகியிருந்தது.

வண்டிக்குள் என்ன மாறியது? டிக்கியில் 200 பார் அழுத்தத்தில் வாயு நிரம்பிய சிலிண்டர். அந்த அழுத்தத்தை ரெடியூசர் படிப்படியாகக் குறைக்கும். விரியும் வாயு கடுமையாகக் குளிரும் என்பதால், ரெடியூசர் உறைந்துவிடாதபடி என்ஜினின் சுடுநீரை அதற்குள் சுற்றவிடுவார்கள். ஆனால் மாற்றத்தின் உயிர் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே செருகப்படும் மிக்ஸர் வளையத்தில் இருந்தது. அதன் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் வாயு தானே உள்ளே வரும். இந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய ஏறத்தாழ ஒன்பதரைப் பங்கு காற்று வேண்டும். ஆகவே என்ஜின் சிலிண்டருக்குள் போகும் கலவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்தை வாயுவே பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்குக் காற்று குறையும். வளையமும் தன் பங்குக்குக் காற்றை நெருக்கும். பிக்கப் போய்விட்டது என்று டிரைவர்கள் சொன்னது வீண்புலம்பல் அன்று, இயற்பியல்.

அதை ஓரளவு மீட்டது மெக்கானிக்கின் கைத்திறன். மீத்தேன் மெதுவாக எரியும். எனவே பற்றவைப்பு டைமிங்கைச் சற்று முன்னே தள்ள வேண்டும். பிளக் பழுதானாலோ கலவை மெலிந்தாலோ தீ பின்னோக்கிப் பாய்ந்து ஃபில்டர் பெட்டியையே பிளந்துவிடும். வாயு வரத்தைத் திருகாணியால் திருத்தி, என்ஜின் ஓசையைக் கேட்டே சரியளவைப் பிடித்த அந்தக் கைகளுக்கு எந்த ஆவணமும் பெயர் கொடுக்கவில்லை.

சட்டமும் இதையொட்டி நெகிழ்ந்தது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட்டை நிபந்தனைகளோடு பொருத்த 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது. வேகத்துக்காகச் செய்யும் மாற்றங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2019 திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று கடுமையாக்கியது.

கார்புரேட்டர் மறைந்து பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்ததும் மிக்ஸரின் காலம் முடிந்தது. புதிய கிட்டுகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர். வாயு வால்வுக்கு அருகிலேயே பாய்கிறது, காற்றுவழியில் நெருக்கும் வளையம் இல்லை. மாருதி 2010இல் தொழிற்சாலையிலேயே சிஎன்ஜி பொருத்திய கார்களைக் கொண்டுவந்தது. பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றது.

வேகப் பிரியர்கள் வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கப் பொருத்தும் குழாய்க்கு, சட்டம் போக, இந்த நகரத்தில் இன்னோர் எதிரியும் உண்டு: மழைநீர். அதன் வாய் பெரும்பாலும் பம்பருக்குப் பின்னே தாழ்வாக இருக்கும். சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய 2005 ஜூலை 26ஐ விடுங்கள். சாதாரண ஆண்டிலேயே மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கும். தாழ்ந்த வாய் அந்த நீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ஏனென்றால் பிஸ்டனால் காற்றைப்போல நீரை அழுத்த முடியாது.