அடைதலும் அடைத்தலும்: அந்திக் கோழியின் வரலாறு

'கோழி அடைகிறது', 'கோழியை அடைக்கிறார்கள்' ஆகிய இரண்டும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. முன்னது பறவையின் இயல்பு. பின்னது வளர்ப்போரின் பொறுப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்திப்பொழுதைச் சங்கப் புலவர்கள் கூர்ந்து நோக்கியுள்ளனர்.

குறுந்தொகை 139இல் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலியருகே வந்த வெருகுக்கு அஞ்சிக் குஞ்சுகளைக் கூவியழைக்கும் மனைக்கோழியைக் காட்டுகிறார். அக்கூச்சல் ஊர் அலருக்கு உவமை. புறநானூறு 326இல் இருளில் அலறும் இளம்பேடை, பருத்தி நூற்கும் பெண்ணின் சிறுவிளக்கொளியில் சேவலைக் கண்டு அமைதியுறுகிறது. இரு பாடல்களிலும் கூடு பேசப்படவில்லை.

இவ்விளக்கு வெறும் அணியன்று. மங்கிய ஒளியில் கோழிக்குப் பார்வை குறைவு. காட்டுக்கோழி இருட்டுமுன் மரக்கிளை ஏறிவிடும். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. மஞ்சள் தோலுக்குரிய மரபணுவோ சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அப்பறவை இன்றும் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான், அஞ்சுநாட்டின் காந்தலூர் அமைந்துள்ளது.

எனவே கோழியைத் துரத்திப் பிடிப்பதைவிட அதன் இயல்புக்கு இடங்கொடுப்பதே எளிது: கூட்டினுள் உயரமான குறுக்குக்கம்பு, பொழுது சாயுமுன் உள்ளே சிறிது தானியம், அடைந்தபின் இறுகச் சாத்திய கதவு. உவமையாக மட்டும் இப்பாடல்களைப் படிப்போர், அவற்றுள் பதிந்திருக்கும் மனையறிவைத் தவறவிடுகின்றனர்.