தாய்மாமன் வாங்க வேண்டிய தொட்டில்

இந்த வாரக் கதை ஒரு ஆன்லைன் கார்ட்ல இருந்து தொடங்குது.

புதுக்கோட்டையில இருக்கற எங்க அக்காவுக்கு இப்போ ஏழாம் மாசம். போன மாசம் எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா. குழந்தைக்கு மரக் கட்டில், அதுக்கு மெத்தை, கட்டிலோட உள்பக்கம் சுத்திக் கட்டற பஞ்சுத் தடுப்பு, கடுகுத் தலையணை. மொத்தம் பதினேழாயிரத்துச் சொச்சம். கீழ ஒரே ஒரு வரி: "மாமன் சீர்!"

அதே நாள் ராத்திரி அம்மா போன்ல, "எதுக்குடா இவ்வளவு செலவு? என்னோட பழைய சேலை ரெண்டு இருக்கு. அதுல தூளி கட்டினா போதாதா? உங்க ரெண்டு பேரையும் அப்படித்தான வளத்தேன்"னு கேட்டாங்க.

ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி? அதைத் தேடப் போய், கொஞ்சம் ஆழமாவே போயிட்டேன்.

சேலையும் தேக்கும்

முதல்ல அம்மா கட்சி. தூளி, ஏணை, தொட்டில்னு ஊருக்கு ஊர் பேர் மாறும், விஷயம் ஒண்ணுதான். ஒரு பருத்திச் சேலை, கூரையில ஒரு விட்டம் இல்லன்னா கொக்கி, துணி குழந்தை மேல மூடிக்காம இருக்க நடுவுல ஒரு கட்டை. செலவு பூஜ்யம். வயல் வேலைக்குப் போற அம்மா மரக்கிளையில கட்டிட்டுப் போகலாம். நனைஞ்சா துவைச்சுப் போட்டுக்கலாம். சமயபுரம் மாரியம்மன் கோயில்ல கரும்புத் தொட்டில் எடுக்கறவங்களைப் பார்த்திருப்பீங்க. கரும்புல துணியைக் கட்டி, அதுல குழந்தையைப் படுக்க வச்சு, கோயிலைச் சுத்தி வருவாங்க. வேண்டுதல்லகூட நம்ம தொட்டில் துணிதான்.

இன்னொரு பக்கம் மரத் தொட்டில். புதுக்கோட்டை மாவட்டத்துல கடியாபட்டி, ராயவரம் பக்கம் போனா பெரிய பெரிய நகரத்தார் வீடுகளைப் பார்க்கலாம். பர்மாவுல தொழில் பண்ணின குடும்பங்கள் அங்கிருந்து தேக்கைக் கப்பல்ல கொண்டு வந்து கட்டின வீடுகள். அந்த மாதிரி வீடுகள்ல இருந்த கடைசல் மரத் தொட்டில்களை இன்னிக்குக் காரைக்குடி பழம்பொருள் கடைகள்ல பார்க்கலாம். ஒரு குழந்தைக்காகச் செஞ்ச சாமான் இல்ல அது. ஒரு பிரசவம் முடிஞ்சா பரணுக்குப் போகும், அடுத்த பிரசவத்துக்கு இறங்கும்.

ஏழை வீட்டுத் தொட்டில், பணக்கார வீட்டுத் தொட்டில் ரெண்டுக்கும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு. பெத்தவங்க தனியா கடைக்குப் போய் வாங்கின பொருள் இல்ல ரெண்டுமே. சேலை பாட்டியோடது. மரத் தொட்டில் குடும்பத்தோடது. பல சமூகங்கள்ல குழந்தையைத் தொட்டில்ல போடற சடங்குக்குத் தாய்மாமன்தான் தொட்டில் கொண்டு வரணும்.

பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடின தாலாட்டுல பொன் தொட்டில் வருது. சுமார் 9ஆம் நூற்றாண்டுப் பாட்டு. அந்தத் தொட்டிலை யசோதை வாங்கல. பிரம்மன் அனுப்பி வைக்கறார். அடுத்தடுத்த பாசுரங்கள்ல சிவன், இந்திரன், குபேரன்னு வரிசையா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பரிசு அனுப்பறாங்க. கடவுள் குழந்தைக்கே தொட்டில் சீராத்தான் வந்திருக்கு!

சீர் கொண்டு வர ஆள் இல்லன்னா?

சரி, தாய்மாமனே இல்லாத வீடு? மாமன் இருந்தும் கையில காசு இல்லாத வீடு? இந்தக் கேள்விக்கு ஒரு நாடே பதில் சொல்லியிருக்கு.

1930கள்ல பின்லாந்து ஏழை நாடு. பிறக்கற 1,000 குழந்தையில கிட்டத்தட்ட 65 குழந்தை ஒரு வயசுக்குள்ள இறந்துட்டிருந்துச்சு. 1937ல ஒரு சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷத்துல இருந்து வருமானம் குறைஞ்ச தாய்மார்களுக்கு அரசாங்கம் பேறுகால உதவி கொடுக்க ஆரம்பிச்சது. அதுல இருந்து வளர்ந்ததுதான் இன்னிக்கு உலகம் முழுக்கப் பேசப்படற பின்லாந்து அட்டைப்பெட்டி. உள்ள குழந்தைத் துணி, போர்வை, அடியில ஒரு சின்ன மெத்தை. பொருளை எல்லாம் வெளிய எடுத்துட்டா, அந்தப் பெட்டியே கட்டில். பின்லாந்துல எத்தனையோ பேரோட முதல் படுக்கை ஒரு அட்டைப்பெட்டிதான்.

1949ல இதை ஏழை, பணக்காரர்னு பார்க்காம எல்லாத் தாய்மார்களுக்கும் ஆக்கினாங்க. கூடவே ஒரு நிபந்தனை. கர்ப்பத்தோட நாலாம் மாசம் முடியறதுக்குள்ள டாக்டர்கிட்டயோ, ஊர்ல இருக்கற தாய்சேய் நல மையத்துக்கோ போயிருக்கணும்.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. பெட்டியைக் காட்டி, அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்துட்டாங்க. மெத்தை மட்டும் எந்தக் குழந்தை உயிரையும் காப்பாத்தியிருக்காது. மெத்தைக்காக வந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாங்க பாருங்க, அதுதான் வேலை செஞ்சது.

புதுக்கோட்டைப் பொண்ணு பேர்ல

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1886 ஜூலை 30, புதுக்கோட்டை சமஸ்தானம். மகாராஜா கல்லூரி முதல்வர் நாராயணசாமிக்கும் சந்திரம்மாளுக்கும் ஒரு பொண்ணு பிறந்தா. பேரு முத்துலட்சுமி. அது ஆண்கள் படிச்ச கல்லூரி. அங்க அவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்தப்போ, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அங்கிருந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. 1912ல டாக்டர். அப்புறம் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில வேலை. 1927ல சென்னை மாகாண சட்ட மேலவையோட துணைத் தலைவர். 1954ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஆமா, அதே முத்துலட்சுமி ரெட்டிதான்.

தமிழ்நாடு அரசோட மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவங்க பேர்லதான் இருக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கற தாய்மார்களுக்கு, முதல் ரெண்டு பிரசவத்துக்கு. 2018ல தொகையை 18,000 ரூபாயா உயர்த்தினாங்க. 14,000 பணமா, 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமா. ஆனா மொத்தத் தொகையும் ஒரே நாள்ல வராது. 12 வாரத்துக்குள்ள கர்ப்பத்தைப் பதிவு பண்ணணும், பரிசோதனைக்குப் போகணும், அரசு மருத்துவமனையில பிரசவம் ஆகணும், குழந்தைக்குத் தடுப்பூசி போடணும். இதையெல்லாம் செஞ்சா, தவணை தவணையா வரும். பின்லாந்து பெட்டியில இருந்த அதே லாஜிக்!

2015ல பெட்டியும் வந்துச்சு. அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம். அரசு மருத்துவமனையில பிரசவமானவங்களுக்கு 1,000 ரூபாய் மதிப்புல 16 பொருள். துண்டு, சட்டை, சோப்பு, கிலுகிலுப்பை, அம்மாவுக்கு சௌபாக்ய சுண்டி லேகியம். அந்தப் பட்டியல்ல குழந்தைக்கு ஒரு குட்டி மெத்தையும் கொசுவலையும் இருந்துச்சு.

பிரம்மன் அனுப்பினது, மாமன் கொண்டு வந்தது, இப்போ அரசாங்கம் கொடுக்குது. இதை இலவசம்னு கிண்டல் பண்றவங்க இருக்காங்க. எனக்கு இது சீர் மாதிரிதான் தெரியுது. 2020 கணக்குப்படி, 1,000 பிறப்புக்குக் குழந்தை இறப்பு இந்தியாவுல 28, தமிழ்நாட்டுல 13. இதுக்குப் பின்னாடி கிராம செவிலியர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள்னு பல பேரோட பல வருஷ உழைப்பு இருக்கு. அந்த வாசல் வரைக்கும் அம்மாக்களை வர வைக்கறதுல இந்த மாதிரித் திட்டங்களுக்கும் பங்கு இருக்கு.

கார்ட்ல எதை எடுக்கணும், எதைத் தூக்கணும்?

இப்போ அக்கா கட்சி. இங்கதான் எனக்கே ஷாக்.

1990கள் தொடக்கத்துல பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைங்கன்னு பெரிய பிரச்சாரம் நடந்துச்சு. தூக்கத்துலயே காரணம் தெரியாம நடக்கற குழந்தை மரணங்கள் அமெரிக்காவுல அடுத்த பத்து வருஷத்துல பாதியாக் குறைஞ்சது. டாக்டர்கள் சொல்ற விதி ரொம்ப எளிமை: தட்டையான, கெட்டியான மெத்தை. மேல இறுக்கமா ஒரு விரிப்பு. மல்லாக்க ஒரு குழந்தை. வேற எதுவும் வேண்டாம். தலையணை, பஞ்சுத் தடுப்பு, பொம்மை எல்லாமே மூச்சை அடைக்கக்கூடிய பொருள்கள். 2022ல அமெரிக்கா, பஞ்சுத் தடுப்பையும் 10 டிகிரிக்கு மேல சாய்வா இருக்கற குழந்தைப் படுக்கைகளையும் விற்கவே கூடாதுன்னு சட்டம் போட்டது. அதாவது, அக்கா கார்ட்ல இருந்ததுல பாதி, பணம் கொடுத்து வாங்கற ஆபத்து.

அப்போ அம்மா ஜெயிச்சாங்களா? அதுவும் முழுசா இல்ல. அதே விதி தூளிக்கும் பொருந்தும். துணி வளையும்போது பிஞ்சுக் குழந்தையோட தாடை நெஞ்சுல முட்டி, மூச்சுப் பாதை ஒடுங்கலாம். பெரிய பசங்க தூளியில ஆடி, சேலை கழுத்தை இறுக்கின செய்திகளை நாமளே பேப்பர்ல படிச்சிருக்கோம். அந்தக் காலத்துத் தூளிக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஃப்ளாட்ல, ராத்திரி மூணு மணிக்கு யார் உட்காரப் போறா?

அதனால நான் ஒரு நடுவழி எடுத்தேன். முதல்ல ஒரு நண்பர் வீட்டுப் பழைய கட்டிலைப் பார்த்தேன். அமெரிக்காவுல 1973லயே கட்டில் கம்பிகளுக்கு நடுவுல சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாதுன்னு விதி வந்துடுச்சு. குழந்தையோட உடம்பு நழுவி, தலை மாட்டிக்கக் கூடாதுங்கறதுக்காக. வீட்லயே சோதிக்கலாம், ஒரு சோடா கேன் கம்பிகளுக்கு நடுவுல நுழையக் கூடாது. அந்தக் கட்டில்ல கேன் ஜாலியா உள்ள போய் வெளிய வந்துச்சு. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

அப்புறம் புதுக்கோட்டையிலயே ஒரு தச்சர்கிட்ட அளவு கொடுத்தேன். வேலைப்பாடு எதுவும் இல்லாத மரக் கட்டில், பக்கப் பலகைகள் அசையாம நிக்கணும். மேல கீழ இறங்கற பக்கம் வச்ச கட்டில்களை அமெரிக்கா 2011லயே தடை பண்ணிடுச்சு. மெத்தை, தென்னை நார்ல செஞ்ச கெட்டியான காயர் மெத்தை. கட்டில் அளவுக்கே வெட்டி வாங்கினேன். ஓரத்துல ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி இல்ல. இலவம்பஞ்சு வேண்டாம்னு விட்டேன், பெரியவங்களுக்கு சுகம், ஆனா குழந்தை முகம் புதையற அளவுக்கு மெத்துனு இருக்கும். மொத்தச் செலவு, அந்தக் கார்ட் தொகையில மூணுல ஒரு பங்குதான்.

அம்மாகிட்ட ஒரு ஒப்பந்தமும் போட்டாச்சு. பகல்ல, அவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கற நேரம் மட்டும் தூளி. குழந்தை தூங்கினதும் கட்டிலுக்கு மாத்திடணும். "சரிடா, பெரிய டாக்டரு"ன்னாங்க. சேலையை மட்டும் இப்பவே துவைச்சு மடிச்சு வச்சுட்டாங்க.

உங்க வீட்ல முதல் தொட்டில் யார் கொடுத்தாங்கன்னு இன்னிக்கு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.